நூற்றுப் பதினேழாம் எண் டோக்கன்

சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. மூடிப்போன ஆலையின் பித்தளை டீ டோக்கன்களைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பை நிறைய வாங்கிவந்த, அங்கே லேத்தில் வேலை பார்த்த கடைசல்காரர், ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குகிறார். ஆளுக்கொரு எண் பொறித்த டோக்கன்கள்; நீட்டினால் தினம் ஒரு டீ. அதே ஆலையில் நூல் பிரிவில் இருந்த அவர் மனைவி எதிரே உட்கார்ந்து, பொழுது போகாமல் அவற்றைக் கிளறுகிறாள். சட்டென்று அவள் விரல் நிற்கிறது. "அட, நூத்திப் பதினேழு! நம்ம ஃபிட்டர் நம்பருங்க இது." உள்ளங்கையில் வைத்து ஊதி, முந்தானையால் துடைக்கிறாள். "நல்ல மனுஷன். 'எனக்கு டீயே ஆகாது, நீ குடிம்மா'ன்னு தினம் இதை நீட்டிட்டுப் போவாரு. நமக்குக் கல்யாணம் நிச்சயமானப்புறம்தான் நிறுத்தினாரு." அவள் முகத்தில் வெயில் ஏறிச் சிவக்கிறது. கணவரின் எண் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அவள் பார்க்கவில்லை. ஃபிட்டர் இவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். டோக்கனைக் காணோம் என்று தினமும் புலம்பி, இவர் டம்ளரில் பாதியைக் கேட்டு வாங்கிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியவன்.

"ஆமா," என்கிறார், துணியை உதறியபடி. "அவனுக்கு டீ வாசனையே பிடிக்காது."