கறுப்புத் திரை

"அப்பாவுக்குன்னு இருந்தது அந்த ஒரு டிவிதான். அதையும் பிடுங்கிட்டியாடா?"

கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

ஹாலில் அப்பாவின் கட்டில். எதிர்ச் சுவரில் பெரிய டிவி. அதில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. திரை முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து.

"உள்ளே ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு? அங்கே போய் வேலை பாக்கறதுக்கென்ன?"

"இங்கேதான்க்கா வசதி."

வசதியாம்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலை வேறு மூடிவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் மட்டும் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறான். படுத்திருக்கிற மனுஷருக்குக் கண் கூசாதா?

"வந்ததும் வராததுமா அவனை ஏம்மா திட்டறே?" அப்பா சிரித்தார். ஆள் எலும்பும் தோலுமாகியிருந்தார். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"வலி எப்படிப்பா இருக்கு?"

"வலியா? எனக்கா? டாக்டருக்குப் பொழப்பு ஓட வேண்டாமா, அதான் மருந்து எழுதித் தர்றாரு."

அக்காவும் சிரித்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைப்பதற்குள் தம்பியின் குரல்.

"அப்பா, மருந்து நேரம்."

"எனக்கு ஒண்ணுமில்லடா. நேரமாச்சுன்னா குடு."

மருந்துப் பாட்டிலோடு சமையலறைக்கு வந்த தம்பியை அக்கா மடக்கினாள்.

"வலிச்சா மட்டும் குடுங்கன்னுதானே டாக்டர் சொன்னாரு? இப்பத்தான் வலியே இல்லேன்னாரு. நீ அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பாக்கலை, திடீர்னு எழுந்திரிச்சு ஊத்திட்டு வர்றே. அவர் தூங்கிட்டா உனக்குத் தொல்லை விட்டுது, அப்படித்தானே?"

தம்பி பாட்டிலை அலமாரியில் வைத்தான்.

"போதும்டா. நான் அப்பாவை என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போக்கா. அதுக்கு முன்னாடி என் நாற்காலியில கொஞ்சம் உட்காரு. மருந்து வேலை செய்ய இன்னும் நேரமாகும். அப்பா பக்கம் திரும்பாம, டிவியை மட்டும் பாரு."

வேண்டா வெறுப்பாகப் போய் உட்கார்ந்தாள். முதலில் எழுத்துதான் தெரிந்தது. பிறகு அந்தக் கறுப்பில் விளக்கு தெரிந்தது, கட்டில் தெரிந்தது, அப்பாவின் முகம் தெரிந்தது.

அதில் சிரிப்பே இல்லை. கண்களை இறுக மூடி, போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் துடித்துக்கொண்டிருந்தார்.

பதறி எழப்போனவளின் தோளை அழுத்தினான் தம்பி.

"திரும்பாதேக்கா. நாம பாக்கறோம்னு தெரிஞ்சா சிரிச்சிடுவாரு."