கழிப்பு அறுபது

முச்சந்தியில் உடைந்து கிடந்த பூசணிக்காயைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தான் ஜெகந்நாதன். குங்குமம் தடவிய காய், நேற்று உடைத்ததுபோல் இருந்தது. வீட்டைக் காலி செய்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் புதுக் குடித்தனம் வைத்துத் திருஷ்டியும் சுற்றியாகிவிட்டதா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டைப் பையில் மணியார்டர் கூப்பன் இருந்தது. 'அட்வான்ஸ் 200. கழிப்பு 60. பாக்கி 140' என்று வீட்டுக்காரர் வேதாசலம் பென்சிலால் கிறுக்கியிருந்தார். எதற்குக் கழித்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது.

உத்திரமேரூர் யூனியன் ஆபீசிலிருந்து அவனுக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல். அங்கே பார்த்து வைத்த வீட்டுக்குத் திங்கட்கிழமைக்குள் முழுசாக இருநூறு கட்டியாக வேண்டும். கட்டினால்தான் மாகறலில் அம்மா வீட்டில் இருக்கும் மனைவி கனகாவையும் குழந்தையையும் அழைத்து வரலாம்.

குழந்தை ஞாபகம் வேறு. பிரிந்த அன்று தூக்கப் போனவனைப் பார்த்து அது வீறிட்டு அழுதது. வண்டி, மூட்டை, கூட்டம் எல்லாம் பார்த்த மிரட்சி என்று சமாதானம் செய்துகொண்டான்.

கனகா கடிதம் எழுதியிருந்தாள். 'அறுபது ரூபாய்தானே, விட்டுவிடுங்கள். அங்கே மட்டும் போக வேண்டாம். மூன்று வெள்ளி போகட்டும், நாங்கள் வருகிறோம்.' கீரைக்கட்டுக்கு ஐந்து காசு குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள் எழுதுகிற எழுத்தா இது?

அன்றைக்கு ஊரே அவனை ஏமாற்றக் கிளம்பியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்குச் சில்லறை வாங்கினான். தெருவில் வரும்போது எண்ணிப் பார்த்தால் பத்து காசு குறைகிறது.

வேதாசலம் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். "வாங்க சார்" என்றவர் உட்காரச் சொல்லவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவியை எடுங்க. எது உடைஞ்சிருக்கு, எது கெட்டிருக்குன்னு காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

"இன்னாத்துக்கு சார் அதெல்லாம்? அந்த வூட்டைத் தொறக்க வாணாம்."

"தொறங்க."

திறந்தார். நட்டநடுப் பகலிலும் உள்ளே குளிர்ந்து கிடந்தது. தரையில் ஒரு கீறல் இல்லை, ஆணி அடித்த ஓட்டைகளைக்கூடக் கனகா சோப்பு வைத்து அடைத்திருந்தாள். உள்ளறை வாசலில், இடப்பக்க நிலைக்காலில் மட்டும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் தீற்றல்.

"இதுக்கா பணம் புடிச்சீங்க? நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த கறை இது. எவனோ வெத்தலை போட்டுட்டு இடது கையால தடவியிருக்கான். நான் வெத்தலையே போடறதில்லை."

"சடையப்பன் சார். உங்களுக்கு முன்ன இருந்தவன். இடது கைக்காரன். பின்னால கீற கெணத்துலதான் பொணமா கெடந்தான்." வேதாசலம் நிலைக்காலைக் கையால் காட்டினார். "அடியில கீற கறை அவன் தடவுனது. மேல கீற கறை புதுசு."

ஜெகந்நாதன் நிலைக்காலை விட்டு விலகி நின்றான். குரலை உயர்த்தினான். "கதையெல்லாம் வேண்டாம். எதுக்குக் கழிச்சீங்க, அதைச் சொல்லுங்க."

வாசலில் வந்து நின்ற வேதாசலத்தின் மனைவி சிட்டம்மாள்தான் வாயைத் திறந்தாள். "அது கழிச்ச பணம் இல்ல சார். கழிப்பு எடுத்த பணம். பூசாரி செங்கேணி மூணு வெள்ளிக்கெயமை முச்சந்தியில எடுத்தாரு. நேத்தோட முடிஞ்சுது. அறுத்த கோயி, பூசணிக்கா, அவரு கூலி, எல்லாம் சேத்து அறுபது."

ஆபீசில் கூட்டல் கழித்தலிலேயே காலம் தள்ளியவன், கழிப்பு என்றால் பிடித்தம் என்றுதான் படித்திருந்தான். பேய் பிசாசு விலக எடுக்கும் கழிப்பு அவன் புத்தியில் உறைக்கவே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா இருக்கே! உங்க வீட்டுல பேய் இருந்தா நீங்கதானே செலவு பண்ணி ஓட்டணும்? குடியிருந்தவன் அட்வான்சுல எடுப்பீங்களா?"

"உங்க சம்சாரந்தான் சார் எடுக்கச் சொல்லிச்சு. பணத்தை அட்வான்சுல புடிச்சுக்கோங்க, அவருக்குத் தெரிய வாணாம்னுச்சு."

சிரிப்பு அப்படியே நின்றது. மூன்று வெள்ளி போகட்டும் என்று அவள் எழுதியது ஞாபகம் வந்தது.

வேதாசலம் மடியிலிருந்து ஆறு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்தார். "இந்தாங்க சார், என் கைக்காசு. பணமும் வாணாம், பேஜாரும் வாணாம். கெளம்புங்க."

ஜெகந்நாதன் கையை நீட்டினான். நோட்டு கைக்கு வரவில்லை. நீட்டிய கையைப் பார்த்த வேதாசலம், பணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவனும் குனிந்து பார்த்தான். அது இடது கை. ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் காயாத சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பெட்டிக்கடையில் குறைந்த பத்து காசு ஞாபகத்துக்கு வந்தது.

"கழிப்பு... இந்த வீட்டுக்குத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டான்.

சிட்டம்மாள் புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டே சொன்னாள்.

"வூட்டுக்கு இல்ல சார், உங்களுக்கு."