இருபத்தொரு தேங்காய்

திங்கட்கிழமை, நான்காவது தடவையும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், உழவு மிசினின் பின்னால் கயிற்றில் இழுபட்டுத்தான் பரந்தன் சந்திக்கு வந்து சேர்ந்தது.

ஸுஹைர் கராஜுக்குள் இருந்தபடியே கண்டுவிட்டார். தேநீரைக் கீழே வைத்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை.

வாகன வயறிங் வேலைக்கு ஸுஹைரை விட்டால் ஆளில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பெயரை இந்த முப்பத்தைந்து வயதுக் கார் இரண்டு கிழமையாகச் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

முதல் தடவை பழைய பற்றறி உயிரை விட்டிருந்தது. புதிது போட்டார். இரண்டாம் தடவை டைனமோவைக் கழற்றிப் பூட்டினார். மூன்றாம் தடவை ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொரு முறையும் கார் உறுமிக்கொண்டு போகும். மூன்று நாள் வீட்டில் நின்றால் செத்துவிடும்.

கார்ச் சொந்தக்காரர் சின்னராசா, உருத்திரபுரத்தில் வயல் செய்பவர். இருபத்திரண்டு வயதில் கலண்டர் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட காரை ஐம்பத்தெட்டாவது வயதில் கொழும்பில் தேடிப் பிடித்து வாங்கினார்.

பழசென்றாலும் அதில் எல்லாமே வேலை செய்யவேண்டும் அவருக்கு. எழும்பிப் படுக்கும் முன்விளக்கிலிருந்து டிக்கிக்குள் இருக்கிற சுண்டுவிரல் பல்பு வரை, முதல் நாளே ஸுஹைரை விடாமல் பிடித்து எரியவைத்துக்கொண்டுதான் போனார். பின்னேரங்களில் எல்லாவற்றையும் ஒருக்கால் போட்டுப் பார்த்து ரசித்த பிறகுதான் சாப்பாடாம்.

இன்றைக்கு அவர் முகம் செத்தவீட்டு முகமாக இருந்தது.

“பாஸ், உங்களில பிழையில்லை. கொழும்பால வரேக்க, வேகத்தின்ர குஷியில முறிகண்டியில நிப்பாட்டாமல் வந்திட்டன்.”

ஏ-ஒன்பது வீதியில் போகிற பஸ்ஸும் லொறியும் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற பிள்ளையார் அவர். அவரைத் தாண்டித் தொண்ணூறில் பறந்திருக்கிறார் மனுஷன்.

முதல் தடவை கார் படுத்தபோதே நேர்த்தி வைத்துவிட்டாராம். காருக்குச் சுகம் வந்ததும், இருபத்தொரு தேங்காயை இதே காரில் கொண்டுபோய் முறிகண்டியில் உடைப்பதாக. தேங்காய் எல்லாம் உரித்து ஆயத்தம். கார்தான் சுகப்படுவதாக இல்லை.

“வெள்ளிக்கிழமை வவுனியாவால ஆள் வருது. வித்துத் துலையுங்கோ எண்டு மனுசி சொல்லிப்போட்டா.”

சொல்லிவிட்டுக் காரின் கூரையைத் தடவிக்கொடுத்தார். குரல் உடைந்துபோயிருந்தது.

ஸுஹைர் கராஜில் இருந்த நல்ல பற்றறியைப் பூட்டி, இடையில் மீற்றரைக் கொடுத்தார். சாவி போடவில்லை. ரேடியோ பாடவில்லை. ஆனாலும் முள் எழும்பி நின்றது. எங்கேயோ ஒன்று கள்ளமாகக் கரண்ட் குடிக்கிறது.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏழாவதைப் பிடுங்கியதும் முள் விழுந்தது.

அது எதற்குரிய பியூஸ் என்று பெட்டி மூடியில் வாசித்தார். அதைத் திரும்பப் போட்டுவிட்டு, எழும்பிக் காரின் பின்பக்கம் போனார். குனிந்து பார்த்தார்.

திரும்பி வந்த ஸுஹைருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“அண்ணை, சுகம் வந்தாப் பிறகு எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. இப்பவே போய் உடையுங்கோ. ஒண்டும் மிச்சம் வைக்கக்கூடாது.”

சின்னராசா கண் வெட்டாமல் அவரைப் பார்த்தார். ஒரு முஸ்லிம் மனுஷன் பிள்ளையார் சங்கதியை இவ்வளவு உறுதியாகச் சொல்வதென்றால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

கார் முறிகண்டிப் பக்கம் போய் மறையும்வரை ஸுஹைர் வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை வரை அவருக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹோர்ன் சத்தம் சந்தியைக் கலக்கியது. சிவப்புக் கார், கயிறு இல்லாமல், முன்விளக்கு இரண்டையும் எழுப்பிக்கொண்டு வந்து நின்றது. முன்சீற்றில் சின்னராசாவின் மனைவி அருந்ததி சிரித்தபடி இருந்தார்.

மூன்று நாள் அசையாமல் நின்ற கார் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டதாம். வவுனியா ஆளைப் பாதி வழியிலேயே திருப்பியாயிற்றாம். சின்னராசா முறிகண்டியில் வாங்கிய கச்சான் கடலைப் பையை ஸுஹைரின் கையில் திணித்தார். ஸுஹைர் சந்தோஷத்தில் கச்சானை உடைத்து வாயில் போட்டார்.

“இனி இந்தக் கார் தேங்காய் இல்லாமல் ஓடாது, பாஸ். புதுசா இருபத்தொண்டு டிக்கியில ஏத்திட்டன்.”

கச்சான் தொண்டையில் நின்றது. ஸுஹைர் பின்பக்கம் ஓடினார்.

தேங்காய்ச் சாக்கு முட்டி, டிக்கி மூடி ஒரு விரலளவு எழும்பி நின்றது. அந்த இடுக்கால் சின்ன வெளிச்சம் தெரிந்தது. திங்கட்கிழமை கண்ட அதே வெளிச்சம். மூடி முழுதாகப் படிந்தால் மட்டும் அணைகிற பல்பு; முதல் நாள் அவரே தன் கையால் போட்டுக்கொடுத்தது. இரண்டு கிழமையாக டிக்கிக்குள் கிடந்த நேர்த்தித் தேங்காய்க்கு இரவும் பகலும் விளக்குக் காட்டிப் பற்றறியைக் குடித்து முடித்தது அதுதான்.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். எதிரே சின்னராசா கைகூப்பிக்கொண்டு நின்றார்.

“அண்ணை,” என்றார் ஸுஹைர், “நேர்த்தித் தேங்காயைப் பின்னால ஏத்தப்படாது. முன்னுக்குத்தான் வைக்கவேணும்.”

சிவப்புக் கார் உறுமிக்கொண்டு புறப்பட்டது. முன்சீற்றில் அருந்ததி, சாக்கை மடியில் கட்டிப்பிடித்து, அதற்கும் சேர்த்துப் பெல்ட் போட்டிருந்தார்.