ஈரம் பார்த்த இடம்

அப்பா இறந்தபின், அவர் படுத்துக் கிடந்த அறைக்கு மரத்தரை போட்டே தீருவதென்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். தச்சர் பழைய விரிப்பைக் கிழித்தெடுத்தார். பசையைச் சுரண்டி, மேடுகளைத் தேய்த்தார். அடியில் ஈரமிருந்தால் பலகை உப்பிக்கொள்ளுமாம். அதைப் பார்க்க, சிமெண்ட் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். அப்பாவுடைய கட்டிலின் தலைமாடு இருந்த இடம் அது. அது தச்சருக்குத் தெரியாது.

மறுநாள் தச்சர் குனிந்து பார்த்தார். தாளுக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடியும் படிந்தது.

"ஈரம்னா இப்படி வந்து வந்து போகாதே," என்று தலையைச் சொறிந்தார். "சரி, இது அடங்கட்டும்மா. அப்புறம் பலகை போட்டு மூடிடலாம்."

வாசலிலேயே நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். தாளருகே மண்டியிட்டு, ஒரு மூலையில் டேப்பை மெதுவாக உரித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"மூச்சு முட்டும்ல," என்றாள்.

தூசிக்குப் பயந்து ஜன்னல்களை மூடியிருந்தோம். மின்விசிறியும் ஓடவில்லை. உரித்த மூலை மெல்ல எழுந்தது, தாழ்ந்தது.