தழை கட்டிய ஆட்டம்

"யப்பா, சிரிக்காத! நூறு வருசத்துக்கு முந்துன மூஞ்சியா வச்சுக்க!" சசிகலா கத்தினாள்.

"அந்த மூஞ்சிய நானு எங்க போயி தேடறது?" என்றார் அப்பா மாதப்பன். ஏரியூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கி பேண்டுக்கு மேலேயே புங்கந்தழையைக் கட்டியிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க அம்மா சென்னம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை நர்சிங் கவுன்சிலிங். பழங்குடிச் சான்றிதழ் இல்லையென்றால் சசிகலாவுக்கு சீட்டு இல்லை. விசாரணைக்கு வருகிற அதிகாரி, குல ஆட்டத்தை ஆடிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார துரை, 'இவர்கள் தழை உடுத்தி வட்டமாக ஆடுவார்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். எப்படி ஆடுவார்கள் என்று எழுதவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. பள்ளிக்கூட நாடகத்தில் ஆடிய பழக்கத்தில் சசிகலாவே ஓர் ஆட்டத்தைக் கட்டிவிட்டாள்.

ஜீப் வந்தது. அதிகாரி சுசித்ரா நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் ஃபைலோடு கிளார்க்.

ஆடினார்கள். பொய்தானே என்று தொடங்கிய சசிகலாவுக்கு இரண்டாவது சுற்றில் உடம்பு பறந்தது. யாருடைய காலோ தன் காலுக்குள் புகுந்துகொண்ட மாதிரி கிறுகிறுப்பு. இது நிஜமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது.

"நிறுத்துங்க!"

மாதப்பன் தழையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த ஆட்டமே இல்ல" என்ற சுசித்ரா, கிளார்க்கிடம் திரும்பி, "நீங்க ஜீப்புல இருங்க" என்றார்.

சீட்டு போச்சு என்றே சசிகலா நினைத்தாள்.

சுசித்ரா செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகினார். இடுப்பை வளைத்து, கை கொட்டி, துள்ளித் துள்ளி ஒரு சுற்று வந்தார்.

"ஆபீஸ் ஃபைல்ல இருக்கற ஆட்டம் இதுதான். ஒத்துப்போகலன்னா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்க. ம், ஆடுங்க!"

நால்வரும் ஆடினார்கள். கோழிகள் சிதறி ஓடின. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. அப்படியானால் நமக்கென்று ஒரு ஆட்டம் இருந்திருக்கிறது! சசிகலாவுக்குக் கண் நிறைந்தது.

சுசித்ரா மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"நம்ம ஆட்டம் ஃபைலுக்குள்ள எப்படிங்க மேடம் போச்சு?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

"அந்த ஃபைலே என்னோடதுதாங்கக்கா. நானு காலேஜ் சேரறப்ப, விசாரணைக்கு வாராங்கன்னு எங்கப்பனும் நானும் மாட்டுக்கொட்டாயில உக்காந்து கட்டுனது."