டீசன்ட்டான கம்பெனி

அங்கம்மா இன்றைக்கும் போனில் ஆரம்பித்துவிட்டாள்.

"டேய் நைனா, துட்டு இல்லன்னா இல்லதான். உன் மேனேஜர இட்டுகினு வா. ஒரு கூடை வெங்காயம் கீது, உரிச்சுக் குடுத்துட்டுப் போவட்டும்."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த சரசாவுக்கு உடம்பே கூசியது. திருநின்றவூரில் ஒரே கதவு எண்ணில் நாலு வீடு இருக்கிற காம்பவுண்டு அது. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டிலும் தும்முவார்கள். ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போடுகிற அங்கம்மாவுக்கு எவனோ கடன் கொடுத்துவிட்டு, மாசக்கணக்காகப் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். அவளுக்கெல்லாம் வெட்கமே கிடையாது என்று சரசா குழாயடியில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

சரசா வீட்டிலும் கடன் இல்லாமல் இல்லை. மகள் வர்ஷா இன்ஜினீயரிங் படித்ததே கடனில்தான். காலேஜில் அட்மிஷன் போடுகிற மேஜையும் ஃபைனான்ஸ் கம்பெனி மேஜையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இந்த மேஜையில் ஃபீஸைச் சொல்லி வயிற்றைக் கலக்கினார்கள். அந்த மேஜையில் ஜூஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

"படிப்பு முடிஞ்சா வேலை, வேலை கிடைச்சா தவணை, அவ்வளவுதான் மேடம்" என்றான் கோட்டு போட்டவன். சரசாவை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான். அதற்காகவே இன்னொரு கையெழுத்துப் போடலாம் போலிருந்தது.

படிப்பு முடிந்தது. வேலைதான் வரவில்லை. வர்ஷா இப்போது அம்பத்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அந்தச் சம்பளத்தில் வட்டிக்கே துண்டு விழும் என்று தவணைப் பக்கமே போகவில்லை. சிம்மையும் மாற்றிவிட்டாள். அப்புறம் ஒரு போன் இல்லை, ஒரு ஆள் வரவில்லை.

"ரொம்ப டீசன்ட்டான கம்பெனி" என்று சரசா புருஷனிடம் மெச்சிக்கொள்வாள். "நாம மரியாதையா நடந்துக்கிறோம், அவங்களும் மரியாதையா நடந்துக்கிறாங்க."

மரியாதை என்றால் பணம் கட்டாமல் இருப்பதா என்று கேட்க ஜெயராமனுக்கு வாய் வரை வந்தது. இன்னும் சோறு போடவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வர்ஷாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கிருபாகரன் ஆவடி ஃபேக்டரியில் பர்மனென்ட். அவன் அம்மா சொர்ணம் போனிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டாள். நகை உங்கள் இஷ்டம், பெண் மேல் படிப்புக் கடன் மட்டும் இருக்கக் கூடாது. அவர்கள் சொந்தத்தில் ஒருத்தன் தாலி கட்டின மறுமாசத்திலிருந்து தவணையும் கட்டிக்கொண்டிருக்கிறானாம். சரசா வர்ஷா தலையில் கை வைக்காத குறையாக, கடனே இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கம்மா வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் உன் போனை ஆஃப் பண்ணி வை. வர்றவங்க காதுல உன் பேச்சு விழுந்தா, கடன்காரங்க குடியிருக்கிற இடம்னு எழுந்து போயிடுவாங்க."

அரிசி களைந்துகொண்டிருந்த அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஆஃப் பண்ணா அவன் நேரா வந்து நிப்பான் சரசு."

"வந்தா என்ன, உன் வீட்டுக்குத்தானே வரப் போறான்."

அங்கம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "சரி போ, ஆஃப் பண்ணிடறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் இவ்வளவு சுலபமாக மடங்கியது சரசாவுக்கே ஏமாற்றமாக இருந்தது. இன்னும் நாலு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தாள்.

மறுநாள் கேசரி முடிந்து பஜ்ஜிக்கு வந்திருந்தார்கள். கிருபாகரன் வர்ஷாவைப் பார்ப்பதும், மாட்டிக்கொண்டால் பஜ்ஜியைப் பார்ப்பதுமாக இருந்தான். சொர்ணத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போது காம்பவுண்டு கேட்டில் பைக் நின்றது. லோன் விஷயமாக வந்திருப்பதாக எவனோ பொதுவாகக் குரல் கொடுத்தான்.

சொர்ணம் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

"அது பக்கத்து வீட்டுக்குங்க" என்றாள் சரசா. "மானங்கெட்டவ, வாங்கினதைக் கட்டுறதே இல்ல. இருங்க, விரட்டிட்டு வரேன்."

முந்தானையைச் செருகிக்கொண்டு போனாள். வெயிலில் டை கட்டிக்கொண்டு ஒருத்தன் நின்றான். அங்கம்மா வீட்டைக் காட்டக் கையை நீட்டினாள்.

"வர்ஷாவோட அம்மாவைப் பாக்கணும்" என்றான் அவன்.

நீட்டின கை அந்தரத்தில் நின்றது.

அந்த அம்மா தினமும் போனில் பேசுவார்களாம். திட்டித் தீர்ப்பார்களாம், இவன் காதில் ரத்தம் வராத குறையாம். ஆனால் தப்பு நம்பர் என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம். இன்றைக்குப் போன் ஆஃப் என்றதும் மேனேஜர் நேரில் போகச் சொல்லிவிட்டாராம்.

சரசாவுக்கு அட்மிஷன் நாள் ஞாபகம் வந்தது. அப்போது அவளிடம் போன் கிடையாது. அவளுக்கு வருகிற போனெல்லாம் அங்கம்மாவுக்குத்தான் வரும். உங்க நம்பர் சொல்லுங்க மேடம் என்று கோட்டுக்காரன் கேட்டபோது, இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அந்த நம்பரைச் சொல்லிவிட்டாள்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டான் அவன்.

"யாரு சம்பந்தி அது?" என்று உள்ளேயிருந்து சொர்ணமும் கேட்டாள்.

சரசா நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. கொண்டையை முடிந்துகொண்டே வந்த அங்கம்மா, என்றைக்கும் இல்லாமல் குரலை இறக்கிப் பேசினாள்.

"அவங்கள இன்னாத்துக்குக் கேட்டுகினு கீற? வர்ஷா அம்மா நான்தான். சத்தம் போடாம இந்த ஊட்டுக்கு வா, நைனா. அங்க எம் பொண்ணப் பாக்க வந்துகீறாங்க."