மங்காத ஆள்

இப்போதெல்லாம் ஒருத்தன் எப்படி இருக்கிறான் என்று எவனும் ஆளைப் பார்த்துச் சொல்வதில்லை. பெட்டியைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

"உட்காருங்கப்பா," என்றான் ரிஸ்வான்.

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும். டீ வந்தால் பேச்சு வரும். பேச்சுக்காகவா ராசிபுரத்திலிருந்து சேலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்?

மகன் பூபதியின் போன் ரெண்டு வாரமாக அணைந்து கிடக்கிறது. பெங்களூரில் தனி அறை. வேலையும் போய்விட்டதாம். அதையே எவனோ சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும்.

இந்த ரிஸ்வான், பூபதியோடு படித்தவன், கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான். நல்லா இருக்கான்பா. தினம் வேலை செய்றான். நான்தான் பார்க்கிறேனே.

வீட்டுக்காரி நம்பிவிட்டாள். படுத்தால் தூங்குகிறாள்.

அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்கேடா பார்க்கிறாய், எனக்கும் காட்டு என்று கிளம்பி வந்துவிட்டார்.

ரிஸ்வான் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுறோம்பா. எங்க எவ்வளவு மழை பெஞ்சதுன்னு விவசாயிங்க பார்க்கிறதுக்கு. எந்த நாட்டுக்காரனும் வந்து சேர்ந்துக்கலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது."

"வேலை போனவன் செய்ற வேலையா அது?"

ரிஸ்வான் சிரித்து மழுப்பினான். யார் யார் எப்போது என்ன எழுதினார்கள் என்பதையெல்லாம் சேர்த்து அவனே ஒரு படம் பண்ணி வைத்திருந்தான். அதை ஓடவிட்டான்.

கருப்பில் ஒரு மரம் முளைத்தது.

கிளைவிட்டது. கிளை நுனியெல்லாம் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் நாங்க எழுதினது."

மரத்தைச் சுற்றிக் குட்டி குட்டி ஆட்கள் மிதந்தார்கள். விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரி. காலுக்குக் கீழே அவரவர் பெயர். ஒருவன் ஒரு கிளையை நெருங்குவான், வெளிச்சக் கீற்று ஒன்றை வீசுவான், நகர்வான். கொஞ்ச நாள் வராதவன் மங்குவான்.

அப்புறம் இருக்கமாட்டான்.

"அதோ, நம்ம ஆளு."

பச்சையாக ஒரு பொடி மனிதன். பூபதி.

அவர் கை தானாகத் திரைக்குப் போனது. வெதுவெதுவென்று இருந்தது.

மரத்தடியில் ரிஸ்வான் என்று பெயர் போட்ட ஆள் மங்கினான். "அது தங்கச்சி கல்யாணம்பா, உட்கார முடியல." ஜெர்மன்காரன் ஒருவன் வந்தான், மங்கினான். பூபதி மங்கவில்லை. வந்தான், வீசினான், போனான். வந்தான், வீசினான், போனான்.

"பார்த்தீங்களா? நேத்து வரைக்கும். எங்க கூட்டத்துலயே ஒரு நாள் விடாம வர்றது இவன் ஒருத்தன்தான்."

அவருக்குக் கண் கலங்கியது உண்மை. அதற்காக நம்பிவிட முடியுமா?

"ஏம்ப்பா, முன்னாடி எல்லாக் கிளைக்கும் போனான். இப்போ அந்த ஒண்ணுக்கேதானே போறான்?"

"அது மழைக்கணக்குப்பா." ரிஸ்வானுக்குப் பெருமை தாங்கவில்லை. "விடிஞ்சதும் புதுக்கணக்கை எடுத்து உள்ளே போடணும். எவன் தினம் எழுந்து போடுறது? பூபதி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சுட்டான். அவன் பேர்ல தானாவே போயிரும். அவன் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினாலும்..."

நிறுத்தினான்.

பச்சை மனிதன் வந்தான். வீசினான். போனான்.

"அப்போ இது அவன் இல்ல."

"அவன்தான்பா. அதாவது, அவன் பேர்ல..."

"ஆளு இல்ல."

"இருங்க, இருங்க." ரிஸ்வானின் விரல்கள் தடதடத்தன. தானாகப் போனதையெல்லாம் கழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டான்.

அதே மரம். அதே ஈசல்கள்.

பச்சை மனிதன் வந்தான். கிளை கிளையாகத் தாவினான். பிறகு நெடுநேரம் ஆளைக் காணோம். ஒரு முறை வந்தான். எதையும் வீசாமல் ஓரமாக நின்றான்.

நின்ற இடத்திலேயே வெளுக்கத் தொடங்கினான்.

படம் முடியும் முன்பே அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவசரப்படாதீங்க. இங்க பாருங்க, முந்தாநாள் எவனோ கேட்டதுக்குப் பதில் போட்டிருக்கான். பார்க்கிறேன்னு. இது கையால போட்டதுதான்."

"அதையும் பெட்டிகிட்டச் சொல்லி வெச்சிருப்பான்."

"அப்படியெல்லாம் முடியாதுப்பா..."

சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்தது.

"நீ கடைசியா எப்போ அவன்கூடப் பேசினே?"

ரிஸ்வான் திரையைப் பார்த்தான்.

"அதுகிட்டக் கேட்காதே."

அவர் படியிறங்கினார்.

தெருவில் வெயில் கொளுத்தியது. பெங்களூர் பஸ் எங்கே நிற்கும் என்று யாரையாவது கேட்கலாம். கேட்டால் அவனும் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தட்டுவான். வேண்டாம். ஹாரன் சத்தம் வரும் பக்கமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

பின்னால், ரிஸ்வானின் மாடியில் எதுவோ கீழே விழுந்தது. அவசரமாகக் கதவைப் பூட்டும் சத்தமும் தடதடவென்று படியிறங்கும் சத்தமும் கேட்டன.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.